எஞ்சின் ஓடுது, சில்லு சுத்தேல்லை: கியர்பொக்ஸைக் கழற்ற முன்னம் பார்க்கவேண்டியவை

நாலு சில்லும் இழுக்கும் வாகனம் ஒன்று ஓட்டத்தில் திடீரென்று இழுவையை விட்டால், "கியர்பொக்ஸ் போட்டுது" என்பதுதான் அநேகமாக முதல் தீர்ப்பு. அப்படியே லொறியில் ஏற்றி, கராச்சில் கியர்பொக்ஸை இறக்கிப் பார்த்தால் பல வேளை உள்ளே ஒரு பழுதும் இராது. சத்தமோ நழுவலோ முன்கூட்டித் தராமல் ஒரேயடியாக இழுவை போனால், கியர்பொக்ஸுக்கு வெளியே ஒரு ஷாஃப்ட் (இழுவையைக் கடத்தும் தண்டு) உடைந்திருக்க, அல்லது கழன்றிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதை றோட்டோரத்திலேயே கண்டுபிடிக்கலாம்.

வன்னியில் ஓரம் கட்டுவதிலும் கவனம் வேண்டும். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை நிற்கும் பக்கம் காட்டு ஓரத்தில் இறங்கவே கூடாது. கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. வாகனத்தைக் கிறவலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஹான்ட்பிறேக்கை மட்டும் நம்பவேண்டாம். லான்ட் றோவர் டிஃபென்டரில் ஹான்ட்பிறேக் பிடிப்பது சில்லை அல்ல, ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் (கியர்பொக்ஸிலிருந்து வரும் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) பின்பக்கத்தை. அதற்குப் பின்னால் ஷாஃப்ட் உடைந்திருந்தால் பிறேக் பிடித்தபடியே வண்டி உருளும். ஓட்டோ கியரின் 'பீ' (பார்க்கிங்) நிலையும் அப்படித்தான்.

முதலில் எஞ்சினையும் இழுவையையும் பிரித்துப் பாருங்கள். அக்சிலரேற்றரை மிதித்தால் எஞ்சின் சுற்று ஏறாமல் திணறினால் அது டீசல் ஃபில்டர், ஃபில்டரில் தண்ணீர், கழன்ற டர்போ ஹோஸ், வெயில் காலத்துப் புழுதி அடைத்த எயார் ஃபில்டர் என்று வேறு கதை. சுற்று தாராளமாக ஏறியும் வண்டி அசையாவிட்டால்தான் இந்தப் பதிவு.

அடுத்தது ட்ரான்ஸ்ஃபர் லீவர். 'எச்'க்கும் (வேக நிலை) 'எல்'லுக்கும் (மெது நிலை) நடுவில் ஒரு நியூட்ரல் உண்டு. குழியில் குலுங்கி லீவர் அதற்குள் விழுந்திருந்தால் எந்தக் கியர் போட்டும் வண்டி போகாது. நின்ற நிலையில் '4 எல்'லுக்கு இழுத்து, திரும்ப 'எச்'சுக்குத் தள்ளிப் பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால் தள்ளிப் பார்க்கும் சோதனை. சமதரையில், எஞ்சினை நிறுத்தி, மனுவல் என்றால் முதலாம் கியரிலும் ஓட்டோ என்றால் 'பீ'யிலும் போட்டு, ஹான்ட்பிறேக்கை விட்டு, இரண்டு பேர் மெதுவாகத் தள்ளட்டும். அசையாவிட்டால் கியர்பொக்ஸிலிருந்து சில்லுவரை தொடர்பு சரி. பழுது நழுவும் கிளட்ச், டோர்க் கன்வேர்ட்டர் (ஓட்டோவில் கிளட்சின் இடத்தில் இருப்பது), ஓட்டோ ஒயில் பக்கம். உருண்டால் எங்கோ அறுந்திருக்கிறது. அப்போது பக்கவாட்டில் குனிந்து பின் புறொப்பலர் ஷாஃப்ட்டை (ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டு) பாருங்கள், கீழே படுக்கவேண்டாம். சில்லு உருள ஷாஃப்ட் சும்மா நின்றால் டிஃபரென்ஷலோ (அச்சின் நடுவில் இழுவையை இரண்டு பக்கத்துக்கும் பிரிக்கும் பல்லுத் தொகுதி) அரை ஷாஃப்ட்டோ (அங்கிருந்து சில்லுக்குப் போகும் தண்டு) உடைந்திருக்கிறது. ஷாஃப்ட்டின் பின்துண்டு சுற்ற முன்துண்டு நின்றால் நடுவில் ஜொயின்ட் போயிருக்கிறது. முழு ஷாஃப்ட்டும் சில்லோடு சேர்ந்து சுற்றினால் கிளட்ச் தட்டின் நடு கிழிந்ததா, ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸா, எப்போதும் நாலு சில்லும் இழுக்கும் வாகனம் என்றால் முன் அச்சுப் பக்கமா என்று பாருங்கள்.

ஒரு ஷாஃப்ட் உடைய முழு வண்டியும் ஏன் நிற்கிறது? சாதாரண டிஃபரென்ஷல் இரண்டு பக்கத்துக்கும் சம பலத்தையே கொடுக்கும். ஒரு பக்கத்தில் எதிர்ப்பு இல்லையென்றால் மறுபக்கத்துக்கும் பலம் சேராது. வரம்பு உடைந்த வயலில் தண்ணீர் உடைப்பால் ஓடிவிடுவதுபோல, சுற்றெல்லாம் உடைந்த பக்கமே போகும். டிஃபென்டர் போல எப்போதும் நாலு சில்லும் இழுக்கும் வாகனங்களில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவிலும் இதே டிஃபரென்ஷல் இருப்பதால், நாலு அரை ஷாஃப்ட்டில் எது உடைந்தாலும் வண்டி முழுவதும் நின்றுவிடும். இதற்கு மருந்து கையிலேயே இருக்கிறது: நடு டிஃபரென்ஷலைப் பூட்டுங்கள். டிஃபென்டரில் லீவர், பிராடோவில் பட்டன். பூட்டியதும் வண்டி நகர்ந்தால் கியர்பொக்ஸ் குற்றமற்றது. பூட்டைத் திறந்து மெதுவாக முதலாம் கியர் கொடுத்து, தள்ளி நிற்கும் ஒருவர் பார்க்கட்டும்; வண்டி நிற்க எந்தப் புறொப்பலர் ஷாஃப்ட் சுற்றுகிறதோ அந்த அச்சில்தான் உடைவு.

ஹைலக்ஸ், எல்200 போன்ற டபிள் கப்களில் '2 எச்'சில் பின் சில்லு மட்டுமே இழுக்கும். அதில் நின்றால் '4 எச்' போடுங்கள். நகர்ந்தால் பழுது பின்னுக்கு. நகராவிட்டால் உடனே கியர்பொக்ஸைக் குறைசொல்லவேண்டாம். முன் ஹப் (சில்லை முன் ஷாஃப்ட்டோடு சேர்க்கும் நடுப்பகுதி) பூட்டியிருக்கிறதா? கையால் திருப்பும் ஹப் என்றால் 'லொக்'கில் இருக்கவேண்டும். வக்கியூமில் வேலைசெய்யும் மொடலில் வெடித்த ஒரு சின்ன றப்பர் ஹோஸ் போதும், முன் அச்சு சேராது.

முன்சில்லு இழுவையை அடிப்படையாகக் கொண்ட எக்ஸ்-ட்ரெயில், றாவ்4 வகைகளில் முன் சீவீ ஷாஃப்ட்தான் (முன் சில்லைச் சுற்றும், திரும்பும்போது வளைந்து கொடுக்கும் ஜொயின்ட் உள்ள தண்டு) முதல் சந்தேகம். 'லொக்' பட்டனை அழுத்த வண்டி பின் சில்லில் நகர்ந்தால் சந்தேகம் உறுதி. றோட்டை விட்டு ஒதுக்குவதற்கு மட்டும் அதைப் பாவியுங்கள். பின் சில்லுக்கு இழுவையைச் சேர்க்கும் கப்ளிங் சூடேறித் தானே விட்டுவிடும், இன்னும் ஓட்டினால் அதுவும் எரியும்.

சீவீ ஜொயின்ட் சும்மா உடைவதில்லை. றப்பர் பூட் கிழிகிறது, கிறீஸ் வெளியே வீசப்படுகிறது, கிறவல் புழுதி உள்ளே போய் உருண்டைகளைத் தேய்க்கிறது. முழுக்கத் திருப்பும்போது 'டக் டக்' என்றால் வெளி ஜொயின்ட்; மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்தால் உள் ஜொயின்ட். கியர் போட்டதும் கீழே 'டங்' என்று அடித்தால் புறொப்பலர் ஷாஃப்ட்டின் குறுக்கு ஜொயின்ட்டைப் பாருங்கள். அதன் மூடியைச் சுற்றிச் செந்நிறத் தூள் இருந்தால் ஊசி பெயாரிங் காய்ந்துவிட்டது. கிறவல் ஓட்டத்துக்கு 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, நாலு மூடியாலும் புதுக் கிறீஸ் வரும்வரை அடியுங்கள்.

மாரியில் குளம் வான் பாயும்போது தண்ணீர் மறித்த றோட்டுகளைக் கடப்பவர்கள் டிஃபரென்ஷலின் மூச்சுக்குழாயை மறக்கிறார்கள். சூடான டிஃபரென்ஷல் கூடு தண்ணீரில் சட்டென்று குளிர, உள்ளே அமுக்கம் குறைந்து சீல் வழியே தண்ணீர் இழுபடும். மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் இது இன்னும் எளிதாக நடக்கும். ஒயில் பால்தேநீர் நிறமானால் உடனே மாற்றுங்கள். பெரும்பாலும் ஜீஎல்-5 வகை 80டபிள்யூ-90 கியர் ஒயில். ட்ரெயின் நட்டின் காந்தத்தில் சாம்பல்நிறப் பசை இருப்பது வழமை. விளிம்புள்ள துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கிறது, அப்படியே ஓட்டவேண்டாம்.

வீடு போய்ச்சேர வழி உண்டா? டபிள் கப்பில் பின் புறொப்பலர் ஷாஃப்ட் மட்டும் போயிருந்தால், பொருந்தும் இடத்தைப் பெயின்ரால் குறித்து, நாலு போல்ட்டைக் கழற்றி ஷாஃப்ட்டை எடுத்துவிட்டு '4 எச்'சில் முன் சில்லால் 40 கிலோமீற்றர் வேகத்துக்குள் போகலாம். கியர்பொக்ஸுக்குள் செருகும் வகை என்றால் எடுக்காதீர்கள், ஒயில் ஊற்றும். ஹைலக்ஸின் பின் அரை ஷாஃப்ட் உடைந்திருந்தால் ஓட்டவே வேண்டாம். அந்த ஷாஃப்ட்தான் சில்லையும் தாங்குகிறது, சில்லோடு கழன்று வரலாம். கட்டி இழுக்கும்போது இரண்டு சில்லை மட்டும் தூக்குவதும் கூடாது. லொறியில் நாலு சில்லும் ஏறவேண்டும்.

பாகம் எடுக்க வவுனியாவுக்கோ கொழும்பு பஞ்சிகாவத்தைக்கோ ஆள் அனுப்பும்போது மொடல் பெயர் போதாது. செசி இலக்கம், ஷாஃப்ட்டின் உள்முனைப் பல் எண்ணிக்கை, வெளிமுனைப் பல் எண்ணிக்கை, முழு நீளம், சீல் உட்காரும் இடத்தின் விட்டம், ஏபிஎஸ் வளையம் உண்டா இல்லையா என்பவற்றை எழுதிக் கொடுங்கள். முடிந்தால் பழையதையே கையில் கொடுத்துவிடுங்கள்.