எடுத்துக் கொடுத்த அடி

“நான் மறக்கல சார்” என்றான் அவன். ஒப்பனை அறையில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒட்டுத்தாடியை எண்ணெய் தொட்டு மெல்ல உரித்துக்கொண்டிருந்தவன், என் பக்கம் திரும்பாமல், கண்ணாடிக்குள் தெரிந்த என்னைப் பார்த்து அதைச் சொன்னான். குரலில் கோபம் இல்லை. ஒரு தகவலைத் தெரிவிப்பதுபோலத்தான் இருந்தது. “நல்லாத்தான்பா பண்ணினே” என்று அவன் தோளைத் தட்டிவிட்டு நான் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டேன். அவன் சொன்னதற்கு அது பதில் ஆகாது என்பது நகரும்போதே எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து இதை எழுத உட்கார்ந்திருப்பதற்கு அது ஒன்றுதான் காரணம். மற்றபடி நாடகம் நன்றாகவே நடந்தது, கைத்தட்டலுக்கும் குறைவில்லை.

நாங்கள் போட்டது சோஃபக்ளீஸின் ‘ஆண்டிகனி’. கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் மேடையேறியதாகக் கருதப்படும் ஒரு நாடகத்தைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்வதன் தொல்லைகள், செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். கடைசிக் காட்சி மட்டும் இங்கே போதும். அரசன் கிரியோன் தன் மகன் ஹீமோனின் உடலோடு வருகிறான். கட்டளையை மீறித் தன் சகோதரனுக்கு ஈமக்கடன் செய்த ஆண்டிகனியைப் பாறைக் குகையில் உயிரோடு அடைக்கச் சொன்னவன் அவன். அவள் அங்கே தூக்கிட்டுக்கொள்ள, அவளை மணக்கவிருந்த ஹீமோன் தன் வாளைத் தன் விலாவிலேயே பாய்ச்சிக்கொண்டான். மகனைக் கிடத்திவிட்டு, “நீ இறந்தது உன் மடமையால் அல்ல, என் மடமையால்” என்று கிரியோன் சொல்ல வேண்டும். நீதி எது என்பதைக் காலம் கடந்து கண்டாய் என்று கோரஸ், அதாவது மேடையில் நின்று நடப்பதைப் பற்றிப் பேசும் குழு, அவனுக்குப் பதில் சொல்லும்.

ஒரு மாணவனை இன்னொரு மாணவன் தூக்கிக்கொண்டு நடப்பது முடியாத காரியம் என்பதால், உடலுக்குப் பதிலாகத் துணிப்பொம்மை ஒன்றைத் தைத்திருந்தோம். அதன் கைகள் பஞ்சடைத்த பழைய கையுறைகள். கிரியோனாக நடித்த அவன் பொம்மையைக் கிடத்தினான், பக்கத்தில் மண்டியிட்டான், பேசவில்லை. நான் இடப்பக்கத் திரைக்குப் பின்னால் நாடகப் பிரதியோடு நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்து எனக்குத் தெரிந்தது அவன் முதுகும், அரச அங்கியின் கசங்கிய மடிப்பும்தான். கோரஸில் நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்தாள். அவள் பார்த்தது உதவி கேட்டா, தற்செயலாகவா என்று இன்றுவரை நான் அவளிடம் கேட்கவில்லை. “உன் மடமையால் அல்ல” என்று நான் அடியெடுத்துக் கொடுத்தேன். அவன் உடனே அந்த வரியைச் சொன்னான், வழக்கத்தைவிட வேகமாக. காட்சி நகர்ந்தது.

அடியெடுத்துக் கொடுப்பது என்பது நம் கதைகளில் தெய்வம் புலவனுக்குச் செய்கிற வேலை. பள்ளி நாடகத்தில் அதை யாரோ ஒரு ஆசிரியர் கிசுகிசுத்த குரலில் செய்கிறார். அந்தக் குரல் முதல் இரண்டு வரிசைகளுக்குக் கட்டாயம் கேட்டுவிடும்.

என் தரப்பில் சொல்ல நிறைய உண்டு. ஒத்திகைகளில் அதே இடத்தில் அவன் மூன்று முறையாவது தடுமாறியிருக்கிறான். நீளமான வசனங்களை வழுவாமல் ஒப்பிக்கிறவன், சிறிய வரிகளில் தவறுவான். சிறிய வரிகளுக்குப் பிடித்துக்கொள்ள முன்னும் பின்னும் எதுவும் இல்லை என்பதால் பலருக்கும் அப்படித்தான். மேடையில் வசனம் மறந்து நின்ற பிள்ளை அதைப் பல ஆண்டுகள் சுமப்பதை நான் பார்த்திருக்கிறேன். சக ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவரும், “நீங்கள் அவனைக் காப்பாற்றினீர்கள், இதில் வருந்த என்ன இருக்கிறது?” என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியை நானே பலமுறை எனக்குப் போட்டுக்கொண்டு ஆறுதல் அடைந்திருக்கிறேன். ஆறுதல் இரண்டு நாள் நிற்கும்.

ஏனென்றால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. வசனம் மறந்தால் இடப்பக்கம் தலையைத் திருப்ப வேண்டும், திருப்பினால் மட்டுமே நான் எடுத்துக் கொடுப்பேன், திருப்பாதவரை நான் வாய் திறக்கமாட்டேன் என்று முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். அவன் தலையைத் திருப்பவில்லை. ஆக, விதியை வகுத்தவனே அதை மீறினேன். ஆனால் ஒத்திகைகளில் உண்மையாகவே மறந்தபோதும் அவன் திரும்பியதில்லை; விறைத்துப்போய் அப்படியே நிற்பான், நான்தான் பொறுக்காமல் எடுத்துக் கொடுப்பேன். அப்படியானால் அன்று அவன் திரும்பாததை எதற்குச் சான்றாகக் கொள்வது?

அந்த நாடகத்திலேயே இதற்குப் பக்கத்தில் வரும் ஓர் இடம் இருப்பதுதான் என்னை அதிகம் குடைகிறது. ஹீமோனின் சாவைத் தூதன் விவரிப்பதைக் கேட்கும் அரசி யூரிடிசி, ஒரு வார்த்தையும் பேசாமல் அரண்மனைக்குள் போய்விடுகிறாள். கிரேக்க மூலத்தில் அவளுக்கு மொத்தமே ஒன்பது வரிகள்தான். நேரம் போதாது, அந்தப் பாத்திரத்தையே வெட்டிவிடலாம் என்று யோசனை வந்தபோது நான் மறுத்துவிட்டேன். அவளுடைய மௌனமான வெளியேற்றத்துக்காகவே அவள் வேண்டும் என்று வாதாடினேன். அதில் நடித்த மாணவியிடம், “நீ பேசாமல் போவதுதான் உன் வசனம். அதை அவசரப்படுத்தாதே” என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். அப்போது கிரியோனாக நடித்தவனும் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவளுக்குச் சொன்னதை அவன் தனக்கும் எடுத்துக்கொண்டிருந்தால் அது என் பாடத்தின் வெற்றிதான். அந்த வெற்றியின் மேல்தான் நான் குரல் கொடுத்தேன்.

இந்த வாதத்தை இங்கேயே முடித்தால் எனக்கு எதிராக ஒழுங்காக முடிந்துவிடும். ஆனால் நாடகம் அப்படிச் சொல்லவில்லை. அரசி பேசாமல் போனதும், அளவுக்கு மீறிய மௌனம் நல்லதல்ல என்று கோரஸ் கவலைப்படுகிறது. துக்கத்தை ஊரறியக் காட்டாமல் உள்ளே போய்ப் பெண்களோடு அழுவாள் என்று தூதன்தான் முதலில் நல்லெண்ணத்தோடு நினைக்கிறான். அவன் நினைத்தது தவறு. அவள் உள்ளே போய் உயிரை விடுகிறாள். மௌனத்தை நம்பியவன் ஏமாந்தான், சந்தேகித்தவர்கள் சொன்னது பலித்தது. திரைக்குப் பின்னால் நின்ற நான் கோரஸின் பக்கம் நின்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் ஒரு தாயின் உயிரும் ஒரு மாணவனின் இடைநிறுத்தமும் ஒரே தட்டில் வைக்கக் கூடியவை அல்ல என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அவன் யோசிக்காமல் நடிக்கிறவன் அல்ல. குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் எச்சரித்துவிட்டுப் போன பிறகு, முதலில் அந்தப் பெண்ணை விடுவி, பிறகு இறந்தவனுக்குக் கல்லறை எழுப்பு என்று கோரஸ் கிரியோனிடம் சொல்கிறது. ஆனால் தூதன் சொல்லும் கதையில் வரிசை மாறியிருக்கிறது: அவர்கள் முதலில் போனது வெளியே கிடந்த பிணத்திடம். அதைக் கழுவி, எஞ்சியதை எரித்து, மண்மேடு எழுப்பிய பிறகே குகைக்குப் போகிறார்கள், அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஏன் வரிசையை மாற்றினான் என்று ஒருநாள் மாணவர்களைக் கேட்டேன். பிணம் வழியில் இருந்தது, தெய்வக் குற்றத்தை முதலில் தீர்க்க நினைத்தான் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். இவன் மட்டும், “பொணம் எதிர்த்துப் பேசாதுல்ல சார், அதான் அங்க முதல்ல போறான்” என்றான். அந்த விளக்கத்தை நான் எந்த உரையிலும் படித்ததில்லை. அதைச் சொன்ன பையன் மகனின் உடலருகே சற்று நேரம் பேசாமல் இருக்க முடிவெடுத்தான் என்றால் நான் அதை நம்பியிருக்க வேண்டாமா?

ஒரு பெற்றோர் எடுத்த காணொளி என்னிடம் இருக்கிறது. பின்வரிசையிலிருந்து, கொஞ்சம் ஆட்டத்தோடு எடுத்தது. மேடையில் ஒரு நிமிடத்துக்கு மேல் என்று எனக்குத் தோன்றிய அந்த இடைவெளி அதில் 11 வினாடிதான். நான் பார்க்காத பக்கம் அதில் தெரிகிறது. மண்டியிட்டவன் பொம்மையின் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்து, அந்தக் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே மடக்குகிறான், தூங்கும் குழந்தையின் கையை மூடுவதுபோல. நான்காவது விரலில் என் குரல் கேட்கிறது. கை பாதி மூடியபடி அவன் மடியிலிருந்து நழுவுகிறது. இந்த விரல் மடக்குதல் எந்த ஒத்திகையிலும் இருந்ததில்லை. முதல் முறை பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஐந்தாறு முறை பார்த்த பிறகு வேறொன்றும் தோன்றுகிறது: வசனத்தைத் தேடித் தவிப்பவனும் விரல்களை இப்படித்தான் நோண்டிக்கொண்டிருப்பான்.

அந்தக் காலத்து நடிகர்கள் முகமூடி அணிந்திருந்தார்கள், மூன்று நடிகர்களே எல்லாப் பாத்திரங்களையும் பங்குபோட்டுக்கொண்டார்கள் என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போது, முகம் தெரியாமல் துக்கத்தை எப்படிக் காட்டினார்கள் என்ற கேள்வி எப்போதும் வரும். உடல் சொல்லும் என்பது என் வழக்கமான பதில். அன்று எனக்கும் முகம் தெரியவில்லை. உடல் சொன்னதா என்று கேட்டால், சொல்லியிருக்கலாம், எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதுதான் நேர்மையான பதில்.

அவன் பொய் சொல்லியிருக்கவும் கூடும். 16 வயதில் மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்வதைவிட, மறக்கவில்லை என்று சொல்வது எளிது. இப்படி எழுதும்போதே, அவன் மறந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன் என்பதும் எனக்குப் புரிகிறது. அடுத்த ஆண்டு நாடகத்துக்கு அவனைக் கூப்பிட்டேன். தேர்வு இருக்கிறது என்றான். எல்லோரும் சொல்லும் காரணம்தான், பலருக்கு அது உண்மையும்கூட. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் உண்மையிலேயே அவன் மறந்திருந்தால், என் மன்னிப்பு அந்தப் பொய்யில் அவனை நிரந்தரமாகக் கட்டிப்போட்டிருக்கும் என்று ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். நல்ல காரணம்தான். அதுவே எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

போன மாதம் அலமாரியை ஒழித்தபோது அந்த நாடகப் பிரதி கிடைத்தது. கடைசிக் காட்சியின் பக்கத்தில், அந்த வரிக்கு எதிரே ஓரத்தில் என் கையெழுத்தில் இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. ஒன்று பென்சிலில்: “இங்கே நிறுத்தம்.” இன்னொன்று பேனாவில்: “தடுமாறுவான், எடுத்துக் கொடுக்கவும்.” நிறுத்தச் சொல்லி அவனிடம் நான்தான் எப்போதோ சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. அல்லது அவன் அங்கே தானாக நின்றுபோவதைப் பார்த்துக் குறித்துவைத்தேனோ என்னவோ. பென்சில் எழுத்து பாதி அழிந்திருக்கிறது, ரப்பரால் அழித்ததுபோல. பக்கத்தை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். அழித்தது நான்தானா, அல்லது மூன்று மாதம் கையிலேயே வைத்திருந்ததில் விரல் பட்டுத் தேய்ந்ததா என்று தெரியவில்லை.