எந்த அம்பை வெட்டலாம்?

நான் வழிகாட்டும் ஓர் ஆய்வு மாணவியின் ஆய்வேட்டில், பள்ளி இடைநிற்றலைப் பற்றிய அத்தியாயம் அது. ஒரு பக்கம் முழுக்க வரைபடம்: வறுமை, பள்ளி இருக்கும் தூரம், வீட்டு வேலை, மதிப்பெண், ஆசிரியரின் எதிர்பார்ப்பு. எல்லாவற்றையும் அம்புகள் இணைத்தன. பலவற்றுக்கு இரண்டு பக்கமும் கூர். "இதில் எந்த அம்பை வெட்டினால் உங்கள் வாதம் விழும்?" என்று கேட்டேன்.

"எதை வெட்டினாலும் விழாது சார். அதுதானே என் வாதம்" என்றார் மாணவி.

அப்படியானால் அது வாதமே இல்லை என்றேன். எல்லாவற்றுக்கும் எல்லாமே காரணம் என்பது, காரணம் சொல்லாமல் நழுவுகிற வழி. இதை இன்றும் நம்புகிறேன். பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971-இல் காட்டியது என்ன? அக்கம்பக்கத்தில் தன்னைப் போன்றவர்கள் ஓரளவாவது இருக்கட்டும் என்ற மிதமான விருப்பமே போதும், யாரும் திட்டமிடாமலே குடியிருப்புகள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். விதி ஒன்றுதான், சிக்கல் விளைவில் இருக்கிறது. சிக்கல்தன்மையைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் எட்கார் மோரனும் அதை முழுமையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றுதான் எச்சரித்தார். ஆகவே என் கேள்வி நியாயமானது.

ஆனால் நான் கேட்டது வாதத்தைப் பற்றி. மாணவி சொன்ன பதில் உலகத்தைப் பற்றியதாக இருந்திருக்கலாம். தூரத்தைத் தீர்க்கப் பேருந்து விட்டால், வீட்டு வேலை பிள்ளையைப் பிடித்து வைக்கும். அதையும் சமாளித்தால் தேர்வு வெளியே தள்ளும். ஒன்றை அடைத்தால் இன்னொன்று அந்த வேலையைச் செய்யும் என்பது வெற்றுப் பேச்சு அல்ல. பேருந்து வந்த இடங்களில் இடைநிற்றல் குறைந்ததா என்று சோதித்துப் பார்க்கலாமே! இதை மாணவியே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சொல்ல நான் இடம் கொடுத்தேனா என்பது வேறு விஷயம்.

சரி, கெடு என்று ஒன்று இருக்கிறது. ஓர் அத்தியாயத்தில் ஒன்றைத்தான் நிறுவ முடியும். அத்தியாயம் மூன்று அம்புகளோடு திருத்தப்பட்டு வந்தது. ஆய்வுக் குழுவில் எல்லோரும் தெளிவாக இருக்கிறது என்றார்கள். தெளிவாகத்தான் இருக்கிறது. வெட்டப்பட்ட அம்புகளில் ஒன்று, மதிப்பெண்ணிலிருந்து ஆசிரியரின் எதிர்பார்ப்புக்குத் திரும்பும் அம்பு. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948-இல் விளக்கிய சுழல் அதுதான்: திவாலாகும் என்ற வதந்தியே நல்ல வங்கியைத் திவாலாக்கும். இவன் தேறமாட்டான் என்று ஆசிரியர் நினைக்க, மதிப்பெண் குறைய, அதுவே அந்த நினைப்புக்குச் சான்றாகிவிடும். நேர்காணல்களில் பெற்றோர் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதைத்தான். பழைய வரைபடம் இப்போது பின்னிணைப்பில் இருக்கிறது. பின்னிணைப்பை யார் படிக்கிறார்கள்?

அப்புறம் வேறொரு மாணவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் சட்டென்று ஓர் அம்பைத் தொட்டுக் காட்டினார். நான் எதிர்பார்த்த பதில்தான். அவ்வளவு சுலபமாகக் காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை.