அந்தப் பையன் கேட்காமல் இருந்திருந்தால்

எங்கள் லேப் மெஷினைக் குறை சொல்ல முடியாது. ஒருவரின் ரத்தத்தில் புரோலாக்டின், அதாவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஒரு ஹார்மோன், 86 என்று காட்டியது, மெஷினைச் சரிபார்க்கும் கன்ட்ரோல் சாம்பிள்கள் எல்லாம் சரியாக இருந்தன, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஆண்களுக்கு 20-க்குள் இருக்க வேண்டியது. 86 என்றால் கூடுதல்தான், ஆனால் மாத்திரையால்கூட அந்த அளவுக்கு ஏறும்.

மாலையில் நியூரோசர்ஜரி பிஜி மாணவர் போன் செய்தார். "மேடம், எம்ஆர்ஐல பிட்யூட்டரி கட்டி 4 சென்டிமீட்டருக்கு மேல இருக்கு. அதுக்கு 86 ரொம்பக் கம்மி, இடிக்குது. டைல்யூட் பண்ணிப் பார்க்க முடியுமா?"

நூறு மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டினேன். கணக்குப் போட்டால் 6,200.

அப்புறம் சர்ஜன் பேசினார். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"அந்தப் பையன் கேட்காம இருந்திருந்தா?"

"86-தான் சார் நின்னிருக்கும்."

"அப்போ இதுக்கு முன்னாடி போனதெல்லாம்?"

"ஃபார்ம்ல கட்டின்னு எழுதியிருந்தா நாங்களே டைல்யூட் பண்ணியிருப்போம் சார்."

இந்தக் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். அது உண்மைதான். ஃபார்மில் 'புரோலாக்டின்' என்பதைத் தவிர ஒன்றுமே இல்லை. அந்த மனிதருக்குத் தலைவலி, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை, பக்கவாட்டில் வருவது தெரியாமல் ஆட்கள் மேல் இடித்துக்கொள்வது எல்லாம் இருந்ததை நான் பிறகுதான் அறிந்தேன். பெண்களுக்கு மாதவிடாய் நின்றால் சீக்கிரம் டாக்டரிடம் போவார்கள். ஆண்களோ கட்டி பார்வை நரம்புகளை அழுத்தும்வரை வருவதில்லை.

இந்த டெஸ்டில் இரண்டு ஆன்டிபாடிகள் ஒரே ஹார்மோனை இருபுறமும் பிடித்தால்தான் சிக்னல் கிடைக்கும். ஹார்மோன் அளவுக்கு மீறி இருந்தால் ஒவ்வொரு ஆன்டிபாடியும் வேறு வேறு மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும், இரண்டும் சேராது. ஹூக் எஃபெக்ட் என்போம். ரொம்ப அதிகமாக இருப்பதாலேயே குறைவாகத் தெரியும். கழுவிவிட்டு இரண்டு கட்டமாகச் செய்யும் மெஷின்களில் இது குறைவு; எங்களிடம் இருந்தது அந்த வகை இல்லை.

இதில் வெறும் எண் மட்டும் மாறுவதில்லை. ஹார்மோன் சுரக்காத பெரிய கட்டியும் பிட்யூட்டரியை மூளையோடு இணைக்கும் காம்பை அழுத்தி, புரோலாக்டினை 86 போல லேசாக ஏற்றிவிடும். அதற்கு மூக்கு வழியாக ஆபரேஷன்தான் முதல் வழி. 6,200 என்றால் புரோலாக்டினோமா, அதாவது புரோலாக்டினைச் சுரக்கும் கட்டி. அதற்குப் பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரையே முதல் வைத்தியம். அவருக்கு ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டது. அதை ரத்து செய்து வாரம் இரண்டு முறை மாத்திரை கொடுத்தார்கள். பக்கவாட்டுப் பார்வையைச் சோதிக்கும் அடுத்த ஃபீல்டு டெஸ்டிலேயே பார்வை தேறியிருந்தது.

ஆபரேஷன் நடந்திருந்தாலும் அது அநியாயம் ஆகியிருக்காது என்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பார்வை போய்க்கொண்டிருந்தது. எடுத்த திசுவைப் பார்த்துப் பெத்தாலஜியில் கண்டுபிடித்திருப்பார்கள். அவ்வளவு பெரிய கட்டியை முழுதாக எடுப்பது அரிது, பிறகு எப்படியும் மாத்திரைதான். ஆனால் இப்படிச் சொல்லச் சொல்ல, தேவையில்லாத ஒரு ஆபரேஷனுக்கு நானே வக்காலத்து வாங்குவது போல இருக்கிறது.

எல்லா சாம்பிளையும் டைல்யூட் செய்யலாமே என்றால், கிட் செலவு இரட்டிப்பாகும். வருவதில் பெரும்பாலானவை குழந்தைக்காகக் காத்திருப்பவர்களின் சாம்பிள்கள், அவற்றுக்கு அது வேண்டாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் மட்டும் செய்யலாம் என்றால், ஹூக்கில் நார்மல் என்றுகூட வரலாம். எம்ஆர்ஐ பார்த்தவர் சொன்னால்தான் உண்டு. எழுதச் சொல்லி எல்லா டிபார்ட்மென்டுக்கும் சுற்றறிக்கை அனுப்பினோம். சிலர் எழுதுகிறார்கள்.

சர்ஜனின் இரண்டாவது கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை. பழைய ரிப்போர்ட்டுகள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன, ஸ்கேன்களோடு ஒப்பிட முடியும். சாம்பிள்கள் எப்போதோ போய்விட்டன, எதையும் நிரூபிக்க முடியாது என்று தள்ளிப்போடுகிறேன். ஆனால் ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களைக் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுக்கலாமே என்று அந்த பிஜி மாணவர் ஒருமுறை கேட்டார். பார்க்கலாம் என்றேன்.