டெங்கு என்றால் பிளேட்லெட் மட்டுமா?

மட்டக்களப்பில் மாரி மழை பெய்து ஓய்ந்தால் நுளம்பு, நுளம்பு வந்தால் டெங்கு. மெடிசின் படிக்கிற பிள்ளை என்று தெரிந்தால் போதும், சொந்தக்காரர் எல்லாரும் ரத்த ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பி "பிளேட்லெட் காணுமா மகள்?" என்று கேட்பார்கள். எண்பதாயிரம் என்றால் வீட்டில் பப்பாசி இலை இடிபடும், நாற்பதாயிரம் என்றால் அழுகை. அதே தாளில் பி.சி.வி. என்று, குருதியில் செங்குழியங்கள் எத்தனை வீதம் என்று சொல்கிற ஒரு வரி இருக்கும், அதை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எனக்கு என்னமோ பயம் அந்த வரியில்தான்.

முதலாம் வருட உடற்றொழிலியலில் ஸ்டார்லிங் என்று ஒரு ஆங்கிலேய உடற்றொழிலியலாளர் வருவார். 1896இல் அவர் சொன்னது இதுதான்: மயிர்க்குழாய் என்கிற மிக மெல்லிய குருதிக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளும், குருதியில் உள்ள அல்புமின் என்ற புரதம் அதை உள்ளே இழுக்கும். புத்தகக் கணக்கில், மி.மீ. இரச அழுத்தத்தில், நாடிப் பக்கம் தள்ளுவது 35, நாளப் பக்கம் 15, அல்புமின் இழுப்பது 25. அப்போது இதெல்லாம் பரீட்சைக்குப் பாடமாக்கிற இலக்கங்கள், அவ்வளவுதான். வாட்டுக்குப் போன பிறகுதான் இந்த 25 இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்க்கக் கிடைத்தது.

டெங்கு கடுமையானால் மயிர்க்குழாய்ச் சுவர் ஓரிரு நாளைக்குத் தளர்ந்துவிடும். அல்புமினே வெளியே போய்விடும், பின்னாலேயே நீரும் போய் நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் தேங்கும், செங்குழியங்கள் மட்டும் உள்ளேயே நிற்கும். குழம்பு வற்றுவது மாதிரி குருதி தடிக்கும், பி.சி.வி. ஏறும். 40 இருந்த ஆளுக்கு 48 என்றால் ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது, அது சும்மா இல்லை. பப்பாசி இலைச் சாறு பிளேட்லெட்டைக் கொஞ்சம் கூட்டினாலும் இந்தக் கசிவை அடைக்காது.

இதில் பெரிய வில்லங்கம், கசிவு தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற நேரத்தில். காத்தான்குடிப் பக்கத்து உம்மா ஒருவர் "காய்ச்சல்தான் உட்டுட்டே, ஏன் இன்னும் துண்டு வெட்டாம வச்சிருக்கீங்க?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். நியாயமான கேள்விதான். பொடியன் எழும்பி இருந்து கதைக்கிறான், பிரஷர் 100க்கு 80. கேட்டால் நல்ல பிரஷர் போல இருக்கும். ஆனால் இரண்டுக்கும் இடைவெளி 20தான்! உள்ளே நீர் குறையக் குறைய உடம்பு குழாய்களை இறுக்கிப் பிடித்து மேல் இலக்கத்தை விழாமல் காப்பாற்றுகிறது, கீழ் இலக்கம் மேலே ஏறுகிறது. காலைத் தொட்டுப் பார் என்றார் டொக்டர். பாதம் சில்லென்று இருந்தது, நகத்தை அமத்தி விட்டால் சிவப்பு திரும்ப நேரம் எடுத்தது.

சரி, அப்படியென்றால் சேலைனை அள்ளி ஏற்றலாமே என்றால் அதுவும் கூடாது. கசிவு நின்றதும் வெளியே போன நீர் எல்லாம் குழாய்க்குள் திரும்பி வரும், அளவுக்கு மிஞ்சி ஏற்றியிருந்தால் நுரையீரல் நிரம்பி மூச்சு முட்டும். அதனால்தான் போத்தலில் மூத்திரத்தைக்கூட அளந்து அளந்து, மணித்தியாலக் கணக்கில் சேலைனைக் கூட்டிக் குறைக்கிறார்கள். "சேலைனைக் குறைச்சிட்டாங்க, கவனிக்கிறாங்க இல்ல" என்று கோபப்படுகிற ஆட்களுக்கு இதை யார் சொல்வது?

காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ரத்தம் சோதியுங்க. பரசிட்டமோல் மட்டும் போதும், அதுவும் அளவோடு. அஸ்பிரின், இபுபுரூபன், டைக்ளோபினாக் பக்கமே போகவேண்டாம். வெறும் தண்ணியாகக் கொடுக்காமல் ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்), கஞ்சி, இளநீர் என்று மாற்றி மாற்றிக் கொடுங்க. காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, விடாத சத்தி, கைகால் குளிர்தல், மூத்திரம் குறைதல், காரணமில்லாமல் அந்தரப்படுதல், இதில் ஒன்று இருந்தாலும் பிளேட்லெட் எத்தனை என்று பார்த்துக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.