சேர்வரை நிறுத்தாமல் ஒரு திருத்தம்

திருகோணமலையில் ஒரு தனியார் வைத்தியசாலையின் கணினிப் பிரிவில் சில வருடங்கள் வேலை செய்தேன். காலை ஆறரைக்கே கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கமிருந்து வெறும் வயிற்றோடு பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வந்து நிற்பார்கள். சேர்வரை ரீபூட் செய்தால் எல்லாம் எழும்ப கால்மணி நேரம் போகும். அவ்வளவு நேரமும் நீரிழிவுள்ள ஓர் அம்மா பசியோடு காத்திருக்க வேண்டும். இரவில் செய்யலாம் என்றால் அவசரப் பிரிவு விடாது. இப்படியே, சேர்வரில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்கு வரும் திருத்தங்கள் தள்ளிப்போகும். 2016 ஒக்டோபரில் டேர்ட்டி கவ் என்ற கேர்னல் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, சாதாரண பயனர் எவரும் முழு அதிகாரமுள்ள ரூட் ஆகிவிடக்கூடிய சேர்வரை வைத்துக்கொண்டு நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

அதற்குப் பிறகுதான், ரீபூட் இல்லாமலே ஓடும் கேர்னலைத் திருத்தும் லைவ்பேட்ச் பக்கம் போனோம். லினக்ஸில் 4.0 பதிப்போடு, 2015இல், சேர்ந்த வசதி அது. கேர்னலை நாங்கள் கம்பைல் செய்யத் தேவையில்லை. திருத்தம் ஒரு மொடியூலாக, அதாவது ஓடும் கேர்னலில் சேர்க்கக்கூடிய துண்டாக வரும். பிழையுள்ள ஃபங்ஷனின் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதியின்) வாசலிலேயே அழைப்பை மறித்து, புதிய ஃபங்ஷனுக்குத் திருப்பிவிடும். பழையது நினைவகத்தில் அப்படியே கிடக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள் எல்லாம் ஒரே நொடியில் மாறுவதில்லை. பழைய ஃபங்ஷனுக்குள் நிற்கும் வேலை வெளியே வரும்வரை கேர்னல் பொறுத்திருக்கும். இந்தப் பொறுமைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஒருநாள் இரவு ஒரு திருத்தத்துக்கு மாறுவது முடியவேயில்லை. மாற்றம் நடந்துகொண்டிருக்கும்வரை டிரான்சிஷன் என்ற குறி 1 என்று காட்டும். "அண்ணா, டிரான்சிஷன் இன்னும் 1 எண்டுதான் காட்டுது," என்றான் கூட இருந்த தம்பி. ஒவ்வொரு வேலையின் பேட்ச் நிலையையும் பார்த்தோம். ஒன்று மட்டும் 0, அதாவது இன்னும் மாறவில்லை. அது தரவுகளை நகலெடுத்து வைக்கும் எங்கள் பேக்கப். நெட்வேர்க்கில் இருந்த சேமிப்புப் பெட்டி மூன்று நாளாகச் செத்துக் கிடந்திருக்கிறது. பதிலுக்குக் காத்தபடி, மாற்ற வேண்டிய ஃபங்ஷனுக்குள்ளேயே பேக்கப் உறங்கிப்போயிருந்தது. கட்டாயப்படுத்தி முடிக்க வழி உண்டு. ஆனால் பழையதும் புதியதும் கலந்து ஓடும், நோயாளர் பதிவுகள் உள்ள இடத்தில் அதைச் செய்ய மனம் வரவில்லை. பெட்டியை உயிர்ப்பித்தோம். சற்று நேரத்தில் 1 மறைந்தது.

அடுத்த போயா (பௌர்ணமி) விடுமுறை தினத்தில் ரீபூட்டுக்கு அனுமதி கேட்டபோது ஆய்வுகூட மிஸ் கேட்டார், "போன முறை நிப்பாட்டாமலே செய்தீங்கள்தானே தம்பி?"

"அது நினைவகத்தில மட்டும்தான் மிஸ். கரண்ட் போய் சேர்வர் நிண்டால் அந்தத் திருத்தம் போயிடும். திருத்தின புதுக் கேர்னலை ஏற்கெனவே போட்டு வச்சிருக்கு, ஒருக்கா எழுப்பினால் சரி."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டரைக்கு."

"சரி, ரெண்டுக்குள்ள எல்லா ரிப்போர்ட்டையும் பிரின்ட் எடுத்து வைக்கிறன்."