பழைய வண்டி தண்ணி குடிக்குதா? ரேடியேட்டரை மாற்றும் முன் பாருங்கள்

குறுவை அறுப்பு தொடங்கினால் பழைய ஜீப்பும் டிராக்டரும் "ஹீட் ஏறுது" என்று ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நிற்கும். பல பேர் புது ரேடியேட்டர் விலையை விசாரித்துவிட்டே வருகிறார்கள். முதலில், டாஷ்போர்டில் சூட்டைக் காட்டும் ஊசி எப்போது ஏறுகிறது என்று கவனியுங்கள். ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் காற்று போதவில்லை. பேனையும் பேன் பெல்ட்டையும் பாருங்கள். ஊருக்குள் ஒழுங்காக ஓடி, தஞ்சாவூர்–திருச்சி சாலையில் வேகம் பிடித்தால் ஏறுகிறது என்றால் உள்ளே தண்ணீர் ஓட்டம் குறைவு: ரேடியேட்டர் குழாய் அடைப்பு, அல்லது சூடேறியதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் பாதிதான் திறக்கிறது.

டிராக்டரில் இன்னொன்று. பதரும் வைக்கோல் தூசியும் ரேடியேட்டர் முன்பக்கம் மெத்தையாக அப்பிவிடும். எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளும்படி காற்று அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் மடங்கி, இருந்த காற்றும் போய்விடும்.

தண்ணீர் குறைகிறது, ஆனால் தரையில் ஈரமே இல்லையா? சூட்டில் ஒழுகுவது அங்கேயே ஆவியாகிவிடும். அதனால் எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பி, பிரஷர் டெஸ்டரை (அளவு காட்டும் ஊசியுள்ள கைப் பம்ப்) மாட்டி, ரேடியேட்டர் மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றுங்கள். 0.9 பார் என்றிருந்தால் சுமார் 13 பிஎஸ்ஐ. அதற்கு மேல் வேண்டாம்; பழைய ரேடியேட்டர் தையல் விட்டுவிடும். கால் மணி நேரம் விட்டு, டார்ச் அடித்து ஹோஸ் கிளிப், தொட்டி ஓரம், வாட்டர் பம்ப் அடியிலுள்ள சின்ன ஓட்டை எல்லாம் பாருங்கள். அந்த ஓட்டையில் சொட்டினால் பம்ப் சீல் போய்விட்டது; எதை முறுக்கியும் நிற்காது. கூலன்ட் காய்ந்த வெள்ளை, பச்சைப் பொருக்கு இருக்கும் இடம் பழைய கசிவு.

மூடியை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தமும் கொதிநிலையைச் சுமார் ஒன்றரை டிகிரி உயர்த்துகிறது. ரப்பர் வாஷர் இறுகிப்போன மூடி அதை விட்டுவிடும். வண்டி ஆறியதும் மேல் ஹோஸ் சப்பி ஒட்டியிருந்தால் மூடியின் உள்வால்வு மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சூட்டில் மட்டும் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே துருவும் சுண்ணாம்பும் படியும். டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி. 8 லிட்டர் பிடித்தால் 4க்கு 4. மஞ்சள் தூள் போட்டு ஊர் வந்து சேரலாம்தான், ஆனால் அது ஓட்டையோடு நல்ல குழாயையும் அடைக்கும்.

டெஸ்டர் ஊசி இறங்குகிறது, வெளியே சொட்டே இல்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவிலிருக்கும் சீலை, சந்தேகப்படுங்கள். ஆறிய எஞ்சினை மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். கழுத்தில் குமிழி விடாமல் வந்தாலோ, டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். அப்படியே ஓட்டினால் ஹெட் வளைந்து, கேஸ்கெட் செலவோடு ஹெட்டைச் சமப்படுத்தும் லேத் கூலியும் சேரும்.