மாடியில் ஏறுவதற்கு முன்பே

கன்வென்ஷன் கூட்டங்களின் கடைசி நாள் ராத்திரி, மனந்திரும்ப விரும்புகிறவர்கள் வாருங்கள் என்று பிரசங்கியார் அழைப்பு கொடுத்ததும் முன்னால் போய் முழங்கால்படியிட்டு, "ஆண்டவரே, இனிமேல் இல்லை" என்று அழுது ஒப்புக்கொடுக்கிறவர்களில் பலர், போன வருஷமும் அதே பாவத்துக்காகத்தான் அழுதிருப்பார்கள். அது நடிப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். கண்ணீர் உண்மைதான். ஆனால் ஒப்புக்கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம், சிக்கல் அங்கேதான்.

தாவீது ராஜா பிறன் மனைவியோடு பாவத்தில் விழுந்த கதையை நாம் எப்போதும் அந்தப் பெண், பத்சேபாளில் இருந்துதான் ஆரம்பிப்போம். வேதம் அதற்கு முன்னாலேயே ஆரம்பிக்கிறது. 2 சாமுவேல் 11-ஐ எடுத்துப் பாருங்கள். ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலம், யோவாபையும் சேனையையும் அனுப்பிவிட்டு "தாவீதோ எருசலேமில் இருந்துவிட்டான்". அப்புறம் ஒரு சாயங்காலம் படுக்கையிலிருந்து எழுந்து அரமனை மாடியில் உலாத்துகிறான். படுத்ததிலும் பாவமில்லை, மாடியில் நடந்ததிலும் பாவமில்லை, அதனாலேயே அங்கே யாரும் ஜாக்கிரதையாக இருப்பதில்லை. அங்கிருந்து, குளிக்கிற பத்சேபாளைப் பார்க்கிறான். அவள் யார் என்று விசாரிக்கிறான், உரியாவின் மனைவி என்று தெளிவாகப் பதிலும் வருகிறது, ஆனாலும் அந்த நேரத்தில் அந்தப் பதில் அவனை நிறுத்தவில்லை.

நமக்கும் இதே கதைதான். எல்லாரும் தூங்கினபின் போனும் கையுமாகத் தனியாகக் கிடந்து விழுகிறவர், நள்ளிரவில் வந்து "ஆண்டவரே பெலன் தாரும்" என்று கேட்கிறார். அவர் ஜெபிக்க வேண்டியது ஒன்பது மணிக்கு, போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கப் போகும் பெலனுக்காக. கேட்க ரொம்ப சாதாரணமாக இருக்கும், சாட்சி சொல்லக்கூட முடியாது! ஆனால் "துர்இச்சைகளுக்கு இடமாக" உடலைப் பேணாதிருங்கள் என்று ரோமர் 13:14 சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். கோபமானால் எந்தப் பேச்சில் ஆரம்பிக்கிறது, குடியானால் எந்த நாளில் எந்தக் கூட்டாளியோடு, அதைக் கண்டுபிடியுங்கள். குடி உடம்பையே பிடித்துவிட்டதென்றால் டாக்டரிடம் போவது அவிசுவாசம் இல்லை.

இதெல்லாம் சுயபெலன், கிருபை போதாதா என்று சிலர் கேட்பார்கள். பிடிபடும் முன் கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் இயேசு சீஷர்களிடம் "விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்று இரண்டையும் சேர்த்துத்தானே சொன்னார். உம்மோடு மரிக்கவும் தயார் என்று சீஷனான பேதுரு சொன்னதும் மனதார சொன்னதுதான். சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.

விழுந்த பிறகு வரும் நாட்களும் ஆபத்தானவை. இந்த முகத்தோடு எப்படி ஜெபிப்பது என்று வேதத்தைத் தொடாமல், திருவிருந்துக்கும் போகாமல், தனக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொண்டிருப்போம், அந்த இடைவெளியிலேயே மறுபடியும் விழுவோம். அது மனந்திரும்புதல் இல்லை, வெறும் வெட்கம். பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலிக்கும் முன்பே, அவர் விசுவாசம் ஒழிந்துபோகாதபடி இயேசு வேண்டிக்கொண்டாரே (லூக்கா 22:32). அறிக்கையிட ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, யாரிடமாவது சொல்லுங்கள். நம் சபைகளில் "எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்காக ஜெபியுங்கள்" என்றுதான் சொந்தப் போராட்டத்தையே சொல்ல முடிகிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-ல் சின்னச் சின்னக் குழுக்களுக்கு விதிகள் எழுதினார். வாரம் ஒருமுறையாவது கூட வேண்டும், ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு: போன கூட்டத்துக்குப் பிறகு தெரிந்து என்ன பாவம் செய்தாய், என்ன சோதனை வந்தது, எப்படித் தப்பித்தாய். எனக்குப் பிடித்தது மூன்றாவது கேள்வி. விழுந்ததை மட்டும் கேட்காமல் தப்பித்த வழியையும் கேட்டால்தான் பக்கத்தில் இருக்கிறவருக்கும் அது உதவும். இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம், வாயைக் காக்கத் தெரிந்த ஒரு அண்ணனோ அக்காவோ போதும். தயவுசெய்து சபை வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.